பைத்தானில் பெரிய ஃபைலை ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று படிப்பது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சொற்களை எல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் அரிய சொல் எது என்று தெரியும். மொத்தம் தெரிந்த பிறகுதான் சதவீதம் போட முடியும். இப்படி ஒரே ஃபைலை இரண்டு மூன்று தடவை படிக்க வேண்டிய வேலைகள் நிறைய. ஃபைல் சில எம்பி என்றால் முழுவதையும் ஒரு லிஸ்ட்டில் ஏற்றிவிட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடலாம். பத்து ஜிபி என்றால் டிஸ்க்கிலிருந்தே திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும். அப்போது வரும் பிழைகளில் பல எந்தச் செய்தியும் காட்டாமல் வரும். நிரல் ஒழுங்காக ஓடி முடியும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

ஆகவே எந்த அறிகுறியோடு வந்திருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை வரி படித்தது என்று எண்ணி, சுற்று முடிந்ததும் அச்சிடுங்கள். இரண்டாவது எண் 0 என்றால் கீழே முதல் பகுதியிலேயே விடை இருக்கிறது. இரண்டு எண்ணும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் 'எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை' என்ற பகுதிக்குப் போங்கள். எண்கள் ஒன்றாக இருந்தும் விடை தப்பென்றால் ஆஃப்செட் (வரி தொடங்கும் பைட் இடம்), சொல் பிரிப்பு இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

எல்லாமே பைத்தான் 3-க்கு. ஓப்பன், சீக், டெல் போன்ற பெயர்கள் இங்கே ஒலிப்படி இருக்கின்றன. நிரலில் பைத்தானின் எழுத்துக்கூட்டலிலேயே தட்டுங்கள்.

## இரண்டாவது லூப் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

ஓப்பன் தருகிற ஃபைல் பொருளுக்குள் 'இதுவரை இவ்வளவு படித்தாயிற்று' என்ற ஒரே ஒரு நிலைக்குறி இருக்கிறது. முதல் ஃபார் லூப் முடிந்ததும் அது ஃபைலின் கடைசியில் நிற்கும். இரண்டாவது லூப் அங்கிருந்து தொடங்கும், படிக்க ஒன்றும் இருக்காது, உடனே முடியும். பைத்தானைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை.

சுற்றுகளுக்கு நடுவில் எஃப்.சீக்(0) என்று, நிலைக்குறியைத் தொடக்கத்துக்குத் திருப்பும் ஒரு வரி சேர்த்தால் போதும். அதைவிட, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வித் ஓப்பன் எழுதுவது நல்லது. ஃபைலைத் திறக்க ஆகும் நேரம் பத்து ஜிபி படிக்க ஆகும் நேரத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. முந்தைய சுற்றின் எச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது என்பது பெரிய நிம்மதி.

எச்சம் எப்படி ஒட்டும் என்பதற்கு சிஎஸ்வி டிக்ட்ரீடர் நல்ல எடுத்துக்காட்டு. அது முதல் வரியைத் தலைப்பாக எடுத்து நினைவில் வைத்துக்கொள்கிறது. ஃபைலை மட்டும் 0-க்குத் திருப்பிவிட்டு அதே ரீடரை மறுபடி ஓட்டினால், தலைப்பு வரியும் ஒரு தரவு வரியாக வந்து விழும். விலை என்ற கட்டத்தில் 'விலை' என்ற சொல்லே மதிப்பாக வரும். அதை ஃப்ளோட் ஆக்கும் இடத்தில் வேல்யூஎரர் வந்தால் தப்பித்தோம். வெறுமனே எண்ணிக்கொண்டு போகும் நிரல் என்றால் ஒரு வரி கூடுதலாக எண்ணிவிட்டுப் பேசாமல் போய்விடும். சீக் செய்தால் ரீடரையும் புதிதாக உருவாக்குங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் ஜெனரேட்டர், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் பொருள். வரிகளைச் சுத்தம் செய்து ஈல்டு பண்ணும் செயற்கூறை ஒரு தடவை அழைத்து, கிடைத்ததை ஒரு மாறியில் போட்டு, அந்த மாறியை இரண்டு லூப்பில் பயன்படுத்தினால் இரண்டாவது வெறுமையாகத்தான் இருக்கும். மேப், ஃபில்டர், ஸிப் எல்லாம் பைத்தான் 3-இல் இப்படித்தான். ஜெனரேட்டரைத் திருப்பிவிட வழி கிடையாது. சுற்றுக்கு ஒரு தடவை செயற்கூறையே அழையுங்கள். தரவு அலசும் நூலகமான பாண்டாஸில் சங்க்சைஸ் (துண்டின் அளவு) கொடுத்து ரீட் சிஎஸ்வி செய்தால் வருவதும் ஒரு தடவை மட்டும் ஓடும் பொருள்தான். அதையும் சுற்றுக்கு ஒரு தடவை புதிதாக அழைக்க வேண்டும்.

ஓர் ஓட்டத்தை இரண்டு கிளையாக்கும், ஐட்டர்டூல்ஸில் உள்ள டீ இதற்குத் தீர்வு போலத் தெரியும். ஆனால் ஒரு கிளை முழுவதும் ஓடி முடிந்த பிறகு மறு கிளையைத் தொடங்கினால், நடுவில் வந்த அத்தனை வரியையும் அது மெமரியில் சேர்த்து வைத்திருக்கும். பெரிய ஃபைலுக்கு அது ஆகாது.

ஏ ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் பி ஃபைலை உள் லூப்பில் தேடும் நிரலில், முதல் வரிக்கு மட்டும் விடை கிடைத்து மற்றதற்கு எதுவும் கிடைக்காமல் போவதும் இதே நோய்தான். அங்கே சீக்(0) போட்டு ஒப்பேற்றாதீர்கள். ஏ-யில் ஒரு லட்சம் வரி என்றால் பி-யை ஒரு லட்சம் தடவை படிப்பீர்கள். சிறிய ஃபைலை ஒரு டிக்ஷனரியில் ஏற்றிவிட்டுப் பெரியதை ஒரே தடவை ஓட்டுங்கள்.

## 'மூடிய ஃபைலில் இயங்க முடியாது' என்று வேல்யூஎரர்

வித் ஓப்பன் தொகுதிக்குள் ஜெனரேட்டரை உருவாக்கி ரிட்டர்ன் செய்திருப்பீர்கள். ரிட்டர்ன் ஆனதும் வித் ஃபைலை மூடிவிடும். ஜெனரேட்டர் அதற்குப் பிறகுதான் படிக்கவே தொடங்கும். ரிட்டர்னை எடுத்துவிட்டு, வித்துக்குள்ளேயே லூப் போட்டு ஈல்டு செய்யுங்கள்.

## சீக் செய்தாலே பிழை வருகிறது

பைப் வழியாக, அதாவது கேட் அல்லது கிரெப் போன்ற வேறொரு கட்டளை தருவதை | குறியிட்டு ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வாங்குகிறீர்களா? 'நாட் சீக்கபிள்' என்றோ, 'இல்லீகல் சீக்' (லினக்ஸில் பிழை எண் 29) என்றோ வரும். பைப்பில் வந்து போன பைட் போனதுதான், திருப்ப முடியாது. எஃப்.சீக்கபிள்() ஃபால்ஸ் என்று சொன்னால் முதல் சுற்றின்போதே ஒரு தற்காலிக ஃபைலில் எழுதிக்கொண்டே போய், இரண்டாம் சுற்றை அதிலிருந்து படியுங்கள். ஷட்டில்லின் காப்பிஃபைல்ஆப்ஜ் அந்த நகலை எடுக்கும். தற்காலிக ஃபைல் விழும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில லினக்ஸ்களில் டிஎம்பி அடைவு ராமில் இருக்கும், பத்து ஜிபியை அங்கே கொட்டினால் மெமரியே நிறையும். டெம்ப்ஃபைலுக்கு டிர் என்ற அளபுருவில் டிஸ்க் உள்ள அடைவைக் கொடுங்கள்.

ஃபைலின் கடைசியிலிருந்து பின்னோக்கி, சீக்(-100, 2) என்பதுபோல், போனால் டெக்ஸ்ட் மோடில் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன் வரும். டெக்ஸ்ட் மோடில் நான்கு வகை நகர்வுதான் செல்லும்: தொடக்கம், கடைசி, இருக்கும் இடம், முன்பு டெல் (நிலைக்குறி நிற்கும் இடத்தைச் சொல்வது) தந்த இடம். மற்ற எல்லாவற்றுக்கும், எழுத்தாக மாற்றாமல் பைட்டுகளாகவே தரும் பைனரி மோடு, அதாவது ஆர்பி.

## ஃபார் லூப்புக்குள் டெல் அழைத்தால் ஓஎஸ்எரர்

'டெல்லிங் பொசிஷன் டிஸேபிள்ட் பை நெக்ஸ்ட் கால்' என்பது செய்தி. டெக்ஸ்ட் மோடில் ஃபார் லூப் வேகத்துக்காக முன்கூட்டியே ஒரு பெரிய துண்டைப் படித்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வரியின் உண்மையான பைட் இடத்தைக் கணக்கிட முடியாது என்பதால் டெல்லை அடைத்துவிடுகிறார்கள். ரீட்லைனை ஒயில் லூப்பில் அழைத்தால் டெல் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. பைனரி மோடில் இந்தத் தடையே இல்லை.

## இரண்டாம் சுற்றில் சீக் செய்து போனால் வரி நடுவிலிருந்து தொடங்குகிறது

முதல் சுற்றில் ஒவ்வொரு வரியும் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் வேண்டிய வரிக்கு நேராகத் தாவுவது அருமையான உத்தி. அதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு: டெக்ஸ்ட் மோடில் திறந்துவிட்டு லென்(வரி) என்று கூட்டிக்கொண்டே போவது. லென் எண்ணுவது யூனிகோட் குறிகளை. சீக் எதிர்பார்ப்பது பைட்டுகளை.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானின் லென்னுக்கு 5: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 ஃபைலில் 15 பைட், ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'த' மட்டும் 224, 174, 164 என்ற மூன்று எண்கள். புள்ளி 224, 175, 141. இந்த ஒரு சொல்லிலேயே கணக்கு 10 பைட் பின்தங்கிவிட்டது. பத்தாயிரம் வரி தாண்டிய பிறகு எங்கே போய் விழும் என்று சொல்லவே வேண்டாம். ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் யூனிகோட்டிகோட்எரர் வரும். எழுத்தின் தொடக்கத்தில் விழுந்துவிட்டால் எதுவும் சொல்லாது, தப்பான வரியைத் தந்துவிடும்.

வெறும் ஆங்கில எழுத்துள்ள சோதனை ஃபைலில் ஒரு குறி ஒரு பைட் என்பதால் லினக்ஸில் எல்லாம் சரியாக ஓடும். உண்மைத் தரவு வந்ததும் உடையும். விண்டோஸ் ஃபைலில் ஆங்கிலம்கூடத் தப்பாது: வரிமுடிவு டிஸ்க்கில் 2 பைட், டெக்ஸ்ட் மோடு அதை 1 ஆக்கித் தரும், வரிக்கு ஒரு பைட் பிசகும். சோதனைக்கு எப்போதும் தமிழ் வரி, ஆங்கில வரி, ஒரு எமோஜி மூன்றும் கலந்த ஃபைலையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான முறை: ஃபைலை ஆர்பி மோடில் திறங்கள். இடம் = 0 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் முதலில் இடத்தைப் பட்டியலில் சேர்த்து, பிறகு லென்(வரி)யை இடத்தோடு கூட்டுங்கள். பைனரி மோடில் லென் பைட்டையே எண்ணும், வரிமுடிவும் சேர்ந்தே வரும். இரண்டாம் சுற்றில் வேண்டிய இடத்துக்கு சீக் செய்து, ரீட்லைன் அழைத்து, வந்ததை டிகோட்('யூடிஎஃப்-8') செய்யுங்கள்.

பட்டியலின் பாரத்தையும் கவனியுங்கள். 1 கோடி வரி இருந்தால், சாதாரண லிஸ்ட்டில் ஒரு முழுஎண்ணுக்கு 32 பைட், அதைச் சுட்ட 8 பைட், ஆக ஏறத்தாழ 400 எம்பி. அர்ரே தொகுதியில் 'க்யூ' வகை அணியைப் பயன்படுத்தினால் எண்ணுக்கு 8 பைட்தான், 80 எம்பியில் முடியும். அதுவும் அதிகம் என்றால் ஆயிரம் வரிக்கு ஒரு இடம் மட்டும் குறியுங்கள். 80 கேபி போதும். தாவிய பிறகு அதிகபட்சம் 999 வரி நடந்துபோக வேண்டியிருக்கும், அது கண்ணிமைக்கும் நேரம்.

## துண்டு துண்டாகப் படித்தால் யூனிகோட்டிகோட்எரர்

'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா' என்று வந்தால் துண்டின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது. 65536 பைட் துண்டு என்பது பழக்கமான அளவு. அதை 3-ஆல் வகுத்தால் 1 மீதி. இடைவெளியே இல்லாத தமிழ் உரை என்றால் முதல் துண்டிலேயே கடைசி எழுத்தின் ஒரு பைட் மட்டும் உள்ளே வந்து, மற்ற இரண்டும் அடுத்த துண்டுக்குப் போய்விடும். பிழைச் செய்தியில் 0எக்ஸ்ஈ0 என்று தெரிவது நாம் மேலே பார்த்த 224-தான்.

எரர்ஸ் = இக்னோர் என்று போட்டால் செய்தி மறையும், ஆனால் துண்டுக்குத் துண்டு எழுத்துகள் காணாமல் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். கோடெக்ஸ் தொகுதியின் கெட்இன்கிரிமெண்டல்டிகோடர் அரைகுறை பைட்டை வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும். அதுவும் குறிகளை மட்டும்தான் காப்பாற்றும். 'கி' என்பதில் க ஒரு துண்டிலும் கொம்பு மறு துண்டிலும் போகலாம், சொல்லும் இரண்டாகலாம். எளிய வழி, துண்டில் கடைசி வரிமுடிவு வரைக்கும் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாலை அடுத்த துண்டின் தலையில் ஒட்டுவது. வரிமுடிவு ஒற்றை பைட், தமிழ் எழுத்துக்குள் அது வரவே வராது, ஆகவே அங்கே வெட்டினால் எழுத்து சேதமாகாது. கடைசித் துண்டு முடிந்ததும் மீந்த வாலைச் செயலாக்க மறக்காதீர்கள்.

## இரு சுற்றின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

ஒரு வரி மட்டும் வித்தியாசமா? பைட் துண்டுகளில் வரிமுடிவை எண்ணியிருப்பீர்கள். கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லாத ஃபைலில் அது ஒன்று குறைத்துக் காட்டும். லினக்ஸில் வரி எண்ணும் டபிள்யூசி கட்டளையும் அப்படியே.

பல வரி வித்தியாசம் என்றால் இரண்டு சுற்றிலும் வரி பிரிக்கும் முறை ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்ட்ரிங்கின் ஸ்ப்லிட்லைன்ஸ் பக்கமுடிவுக் குறி, யூனிகோடின் 2028-ஆம் வரிப்பிரிப்பான் போன்றவற்றிலும் வெட்டும். ஃபார் லூப் அங்கெல்லாம் வெட்டாது. இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய உரையில் இந்த 2028 அடிக்கடி தலைகாட்டும், திரையில் தெரியாது. சிஎஸ்வியில் மேற்கோளுக்குள் வரிமுடிவு இருந்தால் வரி எண்ணிக்கையும் பதிவு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவே இருக்காது. அங்கே இரண்டு சுற்றையும் சிஎஸ்வி ரீடரிலேயே ஓட்டுங்கள், திறக்கும்போது நியூலைன் அளபுருவுக்கு வெற்றுச்சரம் கொடுங்கள்.

ஃபைலே மாறிக்கொண்டிருக்கலாம். எழுதப்படும் லாக் ஃபைல் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் வளர்ந்திருக்கும். தொடங்கும்போது ஓஎஸ்.எஃப்ஸ்டாட் மூலம் அளவைக் குறித்து, இரண்டு சுற்றிலும் அந்த பைட்டோடு நிறுத்துங்கள். லாக் ஃபைல்களை அவ்வப்போது மாற்றிப் புதிதாக்கும் லாக்ரொட்டேட் ஓடும் இடத்தில் இன்னொரு விஷயம்: பெயர் மாற்றிச் சுழற்றினால், திறந்தே வைத்திருக்கும் ஃபைல் பொருள் பழைய ஃபைலையே படிக்கும், பெயரைக் கொண்டு மறுபடி திறந்தால் புதிய, கிட்டத்தட்டக் காலியான ஃபைல் வரும். சுற்றுக்குச் சுற்று புதிதாகத் திறக்கச் சொன்னோமே, அதற்கு இது ஒரு விலக்கு. ஐநோடு எண்ணை (டிஸ்க்கில் ஃபைலின் அடையாள எண்) ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

## முதல் சுற்றில் எண்ணிய சொல்லை இரண்டாம் சுற்றில் காணோம்

திரையில் இரண்டும் ஒரே சொல், டிக்ஷனரியோ கீஎரர் தருகிறது. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, பைட் வேறு. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறுக்கு 'என்எஃப்சி' கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். ஒரு சுற்றில் அதைச் செய்து மறு சுற்றில் விட்டுவிட்டால்தான் இந்தத் தொல்லை. சொல் பிரிப்பதைத் தனிச் செயற்கூறாக்கி இரண்டு சுற்றும் அதையே அழைக்கட்டும். அதற்குள் ஆர்இ (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) தொகுதியின் டபிள்யூ குறியை நம்பாதீர்கள்: அது கொம்பையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது, 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று உடைத்துவிடும். இடைவெளியில் ஸ்ப்லிட் செய்து ஓரத்து நிறுத்தற்குறிகளை உரிப்பது நல்லது.

முதல் கட்டத்தின் பெயர் மட்டும் கீஎரர் தந்தால் அது வேறு: ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளம் இருக்கிறது. எக்செல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்கும்போது அதைச் சேர்க்கும். என்கோடிங்காக 'யூடிஎஃப்-8-சிக்' கொடுங்கள்.

## மெமரி ஏறிக்கொண்டே போய் நிரல் சாகிறது

மெமரிஎரர் வரலாம். லினக்ஸில் பெரும்பாலும் 'கில்டு' என்ற ஒரே சொல், வெளியேறும் எண் 137. கெர்னல் கொன்றிருக்கிறது; டிமெசேஜ் கட்டளையில் பதிவு இருக்கும்.

நிரலில் ரீட்() அல்லது ரீட்லைன்ஸ்() எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பைத்தான் ஒரு ஸ்ட்ரிங்கில் உள்ள மிக அகலமான குறியை வைத்து எல்லாக் குறிக்கும் இடம் ஒதுக்குகிறது. வெறும் ஆங்கிலம் என்றால் குறிக்கு 1 பைட், தமிழ் கலந்தால் 2, ஒரே ஒரு எமோஜி வந்தாலும் 4. நேற்று வரை 2 ஜிபி ஆங்கில லாக்கை முழுதாக ரீட் செய்த நிரல், யாரோ ஓர் எமோஜி போட்ட அன்று அதற்கு நான்கு மடங்கு கேட்டு விழும். வரி வரியாகப் படித்தால் அந்த ஒரு வரி மட்டும் அகலும். ஃபைல் முழுவதும் ஒரே வரியில் உள்ள ஜேசன் என்றால் ஃபார் லூப்பும் காப்பாற்றாது. ஐஜேசன் போன்ற, ஓட ஓடப் படிக்கும் நூலகம் வேண்டும்.

வரி வரியாகப் படித்தும் ஏறுகிறதென்றால் குற்றவாளி நீங்கள் நிரப்பும் டிக்ஷனரி. தமிழில் இது சீக்கிரம் வரும்: வீட்டில், வீட்டிலும், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தே, வீட்டிலிருந்துதான் என்று ஒரு சொல்லே பத்துப் பதினைந்து வடிவமெடுக்கிறது. பல சுற்றுப் படிப்பு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். சொற்களை நான்கு பங்காகப் பிரித்து, சுற்றுக்கு ஒரு பங்கை மட்டும் எண்ணுங்கள். ஸெட்லிப்பின் சிஆர்சி32-ஐ (ஒரே பைட்டுகளுக்கு எப்போதும் ஒரே எண் தருவது) சொல்லின் பைட்டுகளுக்குக் கணக்கிட்டு, 4-ஆல் வகுத்த மீதி இந்தச் சுற்றின் எண்ணோடு ஒத்தால் மட்டும் சேருங்கள். சுற்று முடிந்ததும் விடையை ஃபைலில் எழுதி, டிக்ஷனரியைக் காலி செய்யுங்கள். டிஸ்க்கை நான்கு தடவை படிக்கிறீர்கள், மெமரி ஏறத்தாழக் கால்பங்கு. சிஆர்சிக்குப் பதில் பைத்தானின் ஹேஷ்() போடாதீர்கள். ஸ்ட்ரிங்குக்கு அது தரும் எண் நிரலை ஓட்டும்தோறும் மாறும்; நான்கு சுற்றையும் தனித்தனியாக ஓட்டினால் சில சொற்கள் இருமுறை எண்ணப்படும், சில விட்டுப்போகும்.

## நேர அளவு நம்பும்படி இல்லை

முதல் சுற்று நான்கு நிமிடம், இரண்டாவது நாற்பது விநாடி என்றால் உங்கள் மாற்றம் வேகப்படுத்தியதாக நினைக்காதீர்கள். லினக்ஸ் படித்த பக்கங்களை மிச்ச ராமில் வைத்திருக்கிறது. ஃபைல் ராமைவிடப் பெரியதானால் நிலைமை நேரெதிர்: கடைசியை எட்டும்போது தொடக்கத்துப் பக்கங்கள் வெளியேறியிருக்கும், இரண்டாம் சுற்றுக்குப் பயன் ஒன்றுமில்லாமல் போகலாம். அப்போது ஃபைலைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வேலையையும் முடிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

ஜிஸிப், பிஸிப்2 ஃபைலில் பின்னோக்கி சீக் செய்தால் பைத்தான் முதலிலிருந்து மறுபடி விரித்துக்கொண்டு வரும். சுற்றுக்கு ஒரு தடவை 0-க்குப் போவது பரவாயில்லை; ஆஃப்செட் பட்டியலை வைத்து அங்குமிங்கும் தாவினால் நாள் முழுக்க ஓடும். டிஸ்க்கில் இடம் இருந்தால் ஒரு தடவை விரித்து வைத்துவிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுத்தொகுப்போடு வேலை செய்பவர்கள் மல்ட்டிஸ்ட்ரீம் வடிவத்தை எடுக்கலாம். அதில் 100 பக்கத்துக்கு ஒரு தனி பிஸிப்2 ஓடை, கூடவே ஒவ்வொன்றும் தொடங்கும் பைட்டைச் சொல்லும் அட்டவணை ஃபைலும் உண்டு. அந்த பைட்டுக்குப் போய் அந்த ஓடையை மட்டும் விரிக்கலாம்.

## மல்ட்டிபிராசஸிங் சேர்த்ததும் வரிகள் குழம்புகின்றன

தாய் நிரலில் ஃபைலைத் திறந்துவிட்டு ஃபோர்க் செய்தால், அதாவது அதை நகலெடுத்துப் பிள்ளை நிரல்களை உருவாக்கினால், எல்லாப் பிள்ளை நிரல்களுக்கும் ஒரே நிலைக்குறிதான். ஒருவர் படித்தால் மற்றவருக்கும் நகரும். பெயரையும் தொடக்க, முடிவு பைட் எண்களையும் மட்டும் அனுப்பி, ஒவ்வொரு பிள்ளையும் தானே ஆர்பி மோடில் திறக்கட்டும். தொடக்கம் 0 இல்லையென்றால் தொடக்கம் - 1 என்ற இடத்துக்கு சீக் செய்து ஒரு ரீட்லைனைத் தள்ளிவிடுங்கள், அது முந்தைய பிள்ளையின் வரி. பிறகு, ஒரு வரி தன் முடிவு எண்ணுக்கு முன்னால் தொடங்கும் வரைக்கும் படித்துக்கொண்டே போகட்டும். ஒன்றைக் கழிக்காமல் நேராகத் தொடக்கத்துக்கே போய் ஒரு வரியைத் தள்ளினால், எல்லை சரியாக வரியின் தலையில் விழும்போது அந்த வரியை இருவருமே விட்டுவிடுவார்கள்.